பரண் மேல் பாகவதர்!

சிக்பேட்டையில் ஞாயிறு பஜார் கூடுகிற நாளில் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் நல்ல சரக்கு இருக்காது. ஓடாத கடிகாரம், கால் உடைந்த நாற்காலி, துருப்பிடித்த ஸ்பானர் இவற்றுக்கு நடுவே கோணிப்பையை விரித்து இசைத்தட்டுக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எம்.ஜி.ஆர். படத் தட்டும் ராஜ்குமார் படத் தட்டும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அவற்றைப் புரட்டிப் பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள். பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள். சுவரில் மாட்டி அழகு பார்க்க வாங்குகிறவர்களும் அதில் உண்டு! இன்னொரு ரகம் ஸ்ரீராமபுரம், அல்சூர், மர்பி டவுன் பக்கங்களிலிருந்து வரும் பெரியவர்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைப் பார்ப்பார்கள். லேபிளைப் படிப்பார்கள். ஒரு பெருமூச்சோடு திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் கிராமபோன் ஏது? இருந்ததை என்றைக்கோ எடைக்குப் போட்டாயிற்று.

"அதுதான் எல்லாம் சி.டி.யில் வந்துவிட்டதே, இந்தத் தட்டு எதற்கு?" என்று பேரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே பெரியவர்கள் சி.டி.யைப் போட்டுக் கேட்டுவிட்டு, "அந்தப் பாட்டு இப்படி இருக்காதே" என்று முணுமுணுப்பதும் வழக்கம். தங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

காது மந்தமாகியிருக்கலாம். வயதானால் மெல்லிய கீச்சு ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். ஆனால் பல சி.டி.களில் பாட்டே மந்தமாகத்தான் இருக்கிறது!

நான்காவது கார்பன் காப்பி

சி.டி. வந்தது 1982-ல். பிலிப்ஸ், சோனி என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கியது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு. 74 நிமிஷம் பாட்டுப் பிடிக்கும். ஊசி கிடையாது, லேசர் ஒளி படிக்கும். ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதி வைக்கிற முறை அது. ஊசி உரசாததால் தேய்மானம் இல்லை.

அந்த மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. எதைக் கொடுத்தாலும் எழுதும். பாட்டைக் கொடுத்தால் பாட்டு, கரகரப்பைக் கொடுத்தால் கரகரப்பு.

ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டைப்ரைட்டர் காலத்தில் மேலே இருப்பது ஒரிஜினல் தாள். அடியில் கார்பன் வைத்து மூன்று, நான்கு காப்பி எடுப்பார்கள். நான்காவது காப்பியில் 'ப'வும் 'ய'வும் ஒன்றுபோலத் தெரியும். அந்த நான்காவது காப்பியை எவ்வளவு உயர்ந்த மெஷினில் வைத்து ஜெராக்ஸ் எடுத்தாலும், வருவது நான்காவது காப்பியின் ஜெராக்ஸ்தானே?

பாட்டும் அப்படித்தான். ஸ்டூடியோவில் முதலில் பதிவான ஒலிநாடாதான் ஒரிஜினல். இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போவது பெரும்பாலும் அதன் காப்பி. அதிலிருந்து எல்.பி. தட்டு, அதிலிருந்து கேசட். பழைய பாட்டு சி.டி.யாக வரும்போது உறையில் 'டிஜிட்டல்' என்று பொன் எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனையாவது காப்பியிலிருந்து எடுத்தார்கள் என்று மட்டும் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரிஜினல் நாடாவே கிடைத்தாலும் தவறு நடக்கும். எல்.பி. தட்டில் 'தம் தம்' என்ற கனத்த ஒலி அதிகமானால் ஊசி துள்ளிவிடும். அதற்காக அந்த ஒலியை அடக்கிக் கீச்சு ஒலியைத் தூக்கி, தட்டுக்கென்றே ஒரு நாடா தயார் செய்வது உண்டு. சி.டி. வந்த புதிதில் மேல்நாட்டிலேயே அந்த நாடாவை எடுத்து அப்படியே சி.டி.யில் ஏற்றிவிட்டார்கள். கேட்டவர்களுக்குப் பல்லில் தகரத்தைத் தேய்த்தது போல இருந்தது. சி.டி. என்றாலே இப்படித்தான் என்று பேர் கெட்டுப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாடா போன வழி

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் பாட்டுக்கள் 1987-ல் முதன்முதலாக சி.டி.யில் வந்தன. ரசிகர்களுக்குத் திருப்தி இல்லை. பிறகு லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து, ஒவ்வொரு நாடாவையும் மறுபடி எடுத்துச் சுத்தம் செய்து, 2009 செப்டம்பர் 9-ந்தேதி புதிதாக வெளியிட்டார்கள். 1960-களின் நாடாக்கள் பத்திரமாக இருந்ததால் அது முடிந்தது.

நமது கதை வேறு. தமிழ்ப் பாட்டும் சரி, கன்னடப் பாட்டும் சரி, ஒரு காலத்தில் பெரும்பாலும் சென்னை ஸ்டூடியோக்களில்தான் பதிவாயின. அந்த ஸ்டூடியோக்கள் இன்று எங்கே? வடபழனியில் விஜயா-வாஹினி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் மாலும் நிற்கின்றன. ஜெமினி ஸ்டூடியோ போய், மேம்பாலத்துக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்தது. கட்டடம் கைமாறும்போது நாடாப் பெட்டியை யார் பார்த்தார்கள்? விலை உயர்ந்த நாடா என்பதால் பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே புதுப் பாட்டைப் பதிவு செய்வதும் அந்த நாளில் சகஜம்.

தப்பிப் பிழைத்த நாடாவுக்கும் நோய் உண்டு. 1970, 80-களில் தயாரான சில வகை நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்படியே மெஷினில் ஓட்டினால் பாட்டு இருக்கிற பூச்சு உரிந்து வந்துவிடும்! இதற்கு வைத்தியம், நாடாவை 50 டிகிரிச் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்பது. ரொட்டி சுடுகிற மாதிரிதான். சுட்ட பிறகு சில வாரங்களுக்குள் பாட்டைக் காப்பி செய்துவிட வேண்டும். பிறகு நாடா பழையபடி பிசுபிசுக்கும்.

மேல்நாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடக் கூடாது. 2008 ஜூன் 1-ந்தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் கம்பெனியின் கிடங்கு எரிந்தபோது ஏராளமான ஒரிஜினல் நாடாக்கள் சாம்பலாயின. அதன் முழுக் கதை 2019-ல்தான் வெளியே வந்தது.

சினிமாப் பாட்டுக்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. நாடா போனாலும் படச்சுருளின் ஓரத்தில் ஒலி இருக்கும். அதிலிருந்து எடுக்கலாம். கதாநாயகியின் கொலுசும் வில்லனின் செருமலும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். பி.ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' 1964-ல் வந்த படம். பந்துலு நமது கோலார் மாவட்டத்துக்காரர். அந்தப் படம் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி திரைக்கு வந்து, நூறு நாளைத் தாண்டி ஓடியது.

தனிப் பாட்டுக்களுக்கு இந்த வழியும் கிடையாது. சிலோன் பாப் பாட்டு நினைவிருக்கிறதா? ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' ஒலிக்காத கல்யாண வீடு 1970-களில் உண்டா? அந்த மெட்டு 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் ஏறியது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவர் பாடிய மற்ற பாப் பாட்டுக்களைப் போன்றவற்றுக்குப் படச்சுருளும் இல்லை, பிரிண்டும் இல்லை. நாடா போனால் தட்டு. தட்டும் போனால் பாட்டே போயிற்று.

நாடா வருவதற்கு முந்திய காலத்துப் பாட்டுக்கு நிலைமை இன்னும் மோசம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், 27 வயதில் மறைந்தார். அவர் குரல் இன்று நமக்குக் கேட்கிறது என்றால் அது அரக்குத் தட்டுக்கள் தந்த பிச்சைதான். பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும் 78 சுற்றுத் தட்டுக்கள். அவற்றை அச்சடித்த உலோக அச்சுக்கள் பல இடங்களில் உருக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பாரமவுண்ட் என்றொரு இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. 1930-களில் மூடியபோது உலோக அச்சுக்களைப் பழைய உலோக விலைக்கு விற்றுவிட்டார்கள். அதில் பாடிய சார்லி பேட்டன் போன்ற கறுப்பினப் பாடகர்களின் பாட்டுக்கள் பிற்காலத்தில் சி.டி.யாக வந்தது, ஏழை வீடுகளிலிருந்து தேடிப் பிடித்த தேய்ந்த தட்டுக்களை வைத்துத்தான்.

ஊசி தப்பினால் சுருதி தப்பும்

சரி, தட்டு கிடைத்துவிட்டது. போட்டு ஓட்டிப் பதிவு செய்ய வேண்டியதுதானே?

அங்கேதான் வேலையே ஆரம்பம். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் எல்.பி. தட்டின் பள்ளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உள்ள குப்பையில் உருளும். பாட்டு மேலே சுவரில் இருக்கும், கேட்பது குப்பை! எனவே தனி ஊசி வேண்டும். தேர்ந்தவர்கள் நாலைந்து அளவில் ஊசி வைத்திருப்பார்கள். தட்டின் எந்த உயரத்தில் தேய்மானம் குறைவோ, அங்கே உட்காரும் ஊசியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

அடுத்தது வேகம். 78 என்று பெயரே தவிர, எல்லாத் தட்டும் சரியாக 78-ல் பதிவானவை அல்ல. 76-ம் உண்டு, 80-ம் உண்டு. 78-ல் ஓட வேண்டியதை 82, 83-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாகவதர் ஏற்கெனவே உச்ச ஸ்தாயி. அவரை இன்னும் அரைக் கட்டை ஏற்றி விட்டால் கேட்கிறவன் என்ன நினைப்பான்? "அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் இப்படித்தான் கீச்சிடும்" என்று நினைப்பான். பாகவதர் மேல் விழுகிற அந்தப் பழி, மோட்டார் மேல் விழ வேண்டிய பழி. ஆர்மோனியமோ சுருதிப்பெட்டியோ வைத்து, பாடகரின் வழக்கமான கட்டை என்ன என்று தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வேகம் சரிப்படும். இதற்குக் கம்ப்யூட்டர் மட்டும் போதாது, சங்கீதம் தெரிந்த ஆள் வேண்டும்.

சலவைக்காரர் கைப் பக்குவம்

கடைசியாகக் கரகரப்பை எடுக்கும் வேலை. மாஸ்டரிங் என்பதில் சனங்கள் அறிந்தது இதைத்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் 1980-களின் கடைசியில் 'சீடர்' என்ற கம்பெனி இதற்கென்றே கருவி செய்தது. 'டப் டப்' என்ற கீறல் சத்தத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து எடுத்துவிட்டு, அந்த இடைவெளியைப் பக்கத்து ஒலியைக் கொண்டு ஒட்டுப் போடும். இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இந்த வசதி வந்துவிட்டது. சதாசிவ நகரில் இருக்கிற ஸ்டூடியோவுக்கும் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கிற ரசிகருக்கும் சாமான் ஒன்றுதான்.

கீறலை எடுப்பது சுலபம். 'ஸ்ஸ்' என்ற தொடர் இரைச்சலை எடுப்பதுதான் கஷ்டம். ஏனென்றால் அந்த இரைச்சல் இருக்கும் அதே உயரத்தில்தான் பாட்டின் நயமும் இருக்கிறது. 'ச', 'ஷ' எழுத்துக்களின் கூர்மை, வீணைத் தந்தியின் அதிர்வு, ஜால்ராவின் கடைசி இழை, பாடகர் இழுக்கும் மூச்சு எல்லாம் அங்கேதான். இரைச்சலை முழுசாக எடுத்தால் அவையும் போகும். அழுக்குப் போக வேண்டுமென்று பட்டுச் சேலையைக் கல்லில் அடித்துத் துவைத்தால் அழுக்கும் போகும், சரிகையும் போகும்!

பி.பி. ஸ்ரீனிவாஸ் குரலை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். தமிழில் ஜெமினி கணேசனுக்கும் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் பாடியவர். பெங்களூரில் தமிழரும் கன்னடியரும் சண்டை போடாமல் பங்கு போட்டுக்கொள்ளும் சொத்து அவர் குரல். காதோடு பேசுகிற மாதிரி மூச்சு கலந்து பாடுவார். அளவுக்கு மேல் சலவை செய்த சி.டி.யில் அந்த மூச்சு இருக்காது. போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். இந்த விஷயத்தில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்கும் நமக்கும் ஒரே குறைதான்.

இன்னொரு கூத்தும் உண்டு. தமிழில் ஸ்டீரியோ முறையில் பாட்டுப் பதிவான முதல் படம் என்று 1978-ல் வந்த 'பிரியா'வைச் சொல்வார்கள். அதற்கு முந்தியதெல்லாம் ஒரே வழி ஒலி, அதாவது மோனோ. ஆனால் 1960-களின் பாட்டுக்கு 'ஸ்டீரியோ' என்று உறை போட்டு வந்த சி.டி.கள் உண்டு. வேறொன்றுமில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் எதிரொலி சேர்த்திருப்பார்கள். இந்தியில் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய பாட்டின் மேல் புது டிரம்ஸைத் தட்டி 'ஜங்கார் பீட்ஸ்' என்று கேசட் விற்றார்கள். நன்றாக விற்கவும் செய்தது. கேட்கிறவர்களையும் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும்.

அண்மைக் காலத்துக் கோளாறு, சத்தத்தைக் கூட்டுவது. மெல்லப் பாடும் இடத்தையும் ஓங்கிப் பாடும் இடத்தையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். காரிலும் செல்போனிலும் எடுப்பாகக் கேட்க வேண்டுமாம். சரணத்தில் தாழ்ந்து பல்லவியில் எழும்பும் சுகம் அதோடு சரி.

யாருக்குச் சொந்தம்?

இவ்வளவும் செய்து முடித்தாலும் வெளியிட உரிமை வேண்டும். நமது சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டு. 1992-ல் சட்டம் திருத்தப்படும் வரை 50 ஆண்டாக இருந்தது. ஆனால் பாட்டின் வரிகளுக்குக் கணக்கு வேறு. எழுதியவர் காலமான பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல். எனவே ஒலிப்பதிவின் காலம் முடிந்தாலும், அவர் வரிகளின் காலம் 2041 முடிய ஓடும். தயாரிப்பாளரின் வாரிசு ஒரு பக்கம், இசைத்தட்டுக் கம்பெனி ஒரு பக்கம், கோர்ட்டு ஒரு பக்கம். சில நூறு பேர் வாங்கப்போகும் சி.டி.க்காக யார் இந்தத் தலைவலியை ஏற்பார்கள்? பெரிய கம்பெனிகள் விற்கிற பாட்டை மட்டும் திரும்பத் திரும்ப வெளியிட்டன. எச்.எம்.வி. தட்டு வெளியிட்ட கம்பெனிதான் 2000-லிருந்து 'சரிகம'. 5,000 பாட்டுக்களை உள்ளே வைத்து 2017-ல் அது கொண்டு வந்த 'காரவான்' பெட்டி பெரியவர்களிடம் சக்கைப்போடு போட்டது. அந்த 5,000-க்கு வெளியே இருக்கிற பாட்டுக்களைக் கேட்பார் இல்லை.

அந்த இடத்தில்தான் தனி மனிதர்கள் வருகிறார்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் பல்லாயிரம் தட்டுக்களைச் சேர்த்துப் பெயர் பெற்றவர். பெங்களூரிலேயே, சரித்திர எழுத்தாளர் விக்ரம் சம்பத் 'ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்' என்ற அமைப்பைத் தொடங்கி, பழைய 78 சுற்றுத் தட்டுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இலவசமாகக் கேட்க வழி செய்தார். 1902-லேயே தட்டில் பாடிய கௌஹர் ஜானின் சரித்திரத்தை எழுதியவர் அவர். அந்த அம்மாள் 1930-ல் காலமானது இங்கே மைசூரில்தான்.

உங்கள் வீட்டுப் பரணில்?

பின்னி மில்லும் மினர்வா மில்லும் ஓடிய நாளில் ஸ்ரீராமபுரத்திலும் ஓகளிபுரத்திலும் மைக் செட்டுக்குக் குறைவே இல்லை. ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது தெருவுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் அலறும். எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும் என்பது விதி. மைக் செட்டுக்காரர் ஒரு ஊசியில் ஒரு திருவிழாவையே முடிப்பார்! அந்தத் தட்டுக்கள் தேய்ந்து வெளுத்திருக்கும்; அவை அதிகம் உதவாது.

உதவக்கூடியது வேறு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி, பண்டிகைக்கு மட்டும் போட்டுக் கேட்டு, பழைய வேட்டியில் சுற்றி வைத்த வீட்டுத் தட்டு. 1980-களில் ரிக்கார்டிங் சென்டர் நடத்தி மூடியவர்கள் வீட்டில் கிடக்கும் எல்.பி.க்களும் அப்படித்தான். பாட்டுப் பட்டியலைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிவு செய்து கொடுத்த கடைகளை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் தட்டைக் கண் போலப் பார்த்துக்கொண்டார்கள், அதுதானே பிழைப்பு.

வீட்டில் அப்படித் தட்டு இருந்தால் படுக்க வைத்து அடுக்காதீர்கள், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படும் சுவரோரம் ஆகாது, வளைந்துவிடும். 78 சுற்றுத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் கரைந்துவிடும். லேபிள் நனையாமல் சுத்தமான தண்ணீரில் மெல்லத் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

லேபிளுக்குப் பக்கத்தில், பாட்டு முடிந்து வழுவழுப்பாக இருக்கும் இடத்தில், பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். தட்டு சேர்க்கிறவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அதையும் லேபிளில் உள்ள பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் விசாரியுங்கள். தட்டையே பையில் போட்டுக்கொண்டு சிட்டி பஸ்ஸில் ஏற வேண்டாம். கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.